காற்றுக் காலத்தில் நின்றுபோன கம்ப்யூட்டர்

என் உடம்பில் கரண்ட் இருக்கிறது என்று ஒரு ஆனி மாதம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன்.

படிக்காதவன் நம்பினால் பாவம் என்று விட்டுவிடலாம். நான் பேட்டையில் ஐடிஐ முடித்தவன். அதுவும் எலக்ட்ரீசியன் பிரிவு. கரண்ட் எதில் பாயும், எதில் பாயாது என்று பரீட்சை எழுதித் தேறிய சான்றிதழ் வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. இருந்தும் நம்பினேன். வேறு வழி தெரியவில்லை. நான் கன்ட்ரோல் ரூம் கதவைத் திறந்து உள்ளே காலை வைத்தால் கம்ப்யூட்டர் அணைந்துபோகும்.

தினமும் அணையவில்லை. ஆனால் அணைந்த நாளெல்லாம் நான் அங்கே இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டை முடித்து, டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கன்ட்ரோல் ரூமை ஒரு எட்டு எட்டிப்பார்ப்பது என் வழக்கம். "வாங்க அண்ணாச்சி" என்று, திரைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும் இசக்கி திரும்புவாள். அவள் முதுகுக்குப் பின்னால் திரை பொட்டென்று கருத்துவிடும். முதல் தடவை இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த தடவை அவள் சிரிக்கவில்லை. அதற்கும் அடுத்த தடவை, நாள் முழுக்கக் காற்றாடிக் கோபுரத்துக்குள் ஏறி இறங்குகிறவன் என்பதால் என் உடம்பில் ஏதோ சேர்ந்துவிட்டது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அன்றிலிருந்து உள்ளே போகும் முன்னால் வாசல் இரும்புக் கிராதியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். இருக்கிற கரண்டெல்லாம் மண்ணுக்கு இறங்கட்டும் என்று. தூரத்திலிருந்து பார்த்தால் எவனோ பஸ் படியில் தொங்குகிற மாதிரி இருக்குமாம். பஸ்தான் இருக்காது.

வீட்டில் என் மனைவி கோமதியிடமும் கையை நீட்டினேன். "ஏ, என்னக் கொஞ்சம் தொட்டுப் பாரேன். ஷாக் அடிக்குதா?"

தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. "உங்களத் தொட்டு எனக்கு ஷாக் அடிச்ச காலம்லாம் எப்பவோ போயிட்டு. தட்ட எடுத்துட்டு வாங்க."

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு வாட்ஸ்அப் குழு. எங்கள் காற்றாலையில் வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறோம். நாங்குநேரிக்குத் தெற்கே, கணவாய்க் காற்று வந்து விழுகிற செம்மண் காட்டில் இருக்கிறது அந்தக் காற்றாலை. போன மாதம் அங்கே இருந்த கன்ட்ரோல் ரூமைப் பூட்டிவிட்டார்கள். இனிமேல் எல்லாக் காற்றாடியையும் சென்னையில் உட்கார்ந்து பார்ப்பார்களாம். புதிதாகச் சேர்ந்த ஒருத்தன் குழுவில் கேட்டிருந்தான்: "அண்ணாச்சி, இப்ப எது நின்னாலும் காரணம் தானா ஸ்கிரீன்ல வருது. உங்க காலத்துல எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

என் காலமாம். ஏதோ நான் மாட்டு வண்டியில் டர்பைன் ஏற்றிக்கொண்டு வந்தவன் மாதிரி. நான் வேலையை விட்டது முழங்காலுக்காக. ஏணி ஏறி ஏறி இரண்டும் தேய்ந்துவிட்டன. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "நீங்க என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்டார். "மேல போயிட்டுக் கீழ வர்ற வேலை" என்றேன். "அந்த மேல போறத நிறுத்துங்க" என்றார். கீழே வருவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பதைத் தாண்டிய சூட்டிலேயே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன்.

வேலை கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏறினேன், பயந்தேன், இறங்கினேன். பிறகு ஏறினேன், பயத்தை வெளியே காட்டாமல் இறங்கினேன். இதற்குப் பெயர்தான் பயிற்சி. மற்றபடி நான் கற்றுக்கொண்டது முழுக்க ஞானமுத்து சாரிடம்.

ஞானமுத்து சார் எங்கள் காற்றாலைக்கு மேலாளர். பாளையங்கோட்டைக்காரர். அரைக்கை வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் ஒரே ஒரு பேனா. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவில் நிற்கிறவர், அதுவும் அடித்தொண்டையில் பாடுகிற வரிசையில். அந்தக் குரலை வைத்துக்கொண்டு எங்களை ஒருநாளும் அதட்டியதில்லை. அதட்டியிருந்தால் தேவலை. ஏதாவது நின்றுபோனது என்று போய்ச் சொன்னால் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். நாம் சொல்லி முடித்ததும், கண்ணைத் திறக்காமலே, "அதுக்கு முந்தி?" என்பார். அதற்கு ஒரு பதில் சொன்னால், "அதுக்கு முந்தி?" இப்படியே போனால் நம்மைப் பெற்றெடுத்த நாளில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார் என்று பயமாக இருக்கும். எங்களுக்குள் அவருக்கு 'முந்தி சார்' என்றுதான் பெயர்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு காற்றாடி நின்றுவிட்டது. நின்றால் ஏன் நின்றது என்று எழுத ஒரு கட்டம் உண்டு. 'காற்று இல்லை' என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"தலையில தொப்பியக் காணோமே. எங்க வே?"

"பறந்துட்டு சார். வாழைத் தோட்டத்துக்குள்ள போயிட்டு."

"எதுல பறந்துது?"

"காத்துல, சார்."

காகிதத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.  நான் மறுபடி ஏறினேன். காற்றாடியின் உச்சியில் காற்றை அளக்க ஒரு கிண்ணம் சுற்றிக்கொண்டிருக்கும். அது இறுகிப்போயிருந்தது. ஊரைப் புரட்டுகிற காற்று அடித்தும் காற்றாடிக்கு அது தெரியவில்லை. இறங்கி வந்து சொன்னேன். "அதுக்கு முந்தி?" கிரீஸ் காய்ந்திருந்தது சார். "அதுக்கு முந்தி?" கிரீஸ் டப்பா காலி சார். "அதுக்கு முந்தி?" காலி என்று யாரும் வாங்குகிறவரிடம் சொல்லவில்லை சார். கண்ணைத் திறந்தார்.

"'நின்னுட்டு'ங்கது சேதி வே. காரணம் இல்ல. சேதிய எழுதிட்டு வந்தீரு. இப்ப போய்க் காரணத்த எழுதும்."

அவர் இவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சென்னைத் தலைமை அலுவலகத்தில் ஒரு விதி வைத்திருந்தார்கள். எது நின்றாலும் காரணம் எழுத வேண்டும். காரணம் தெரியவில்லை என்று போட்டால் அது அந்த நேரத்தில் ஷிப்டில் இருந்தவர் கணக்கில் ஏறும். காரணம் கிடைக்காத பழியெல்லாம் பக்கத்தில் இருந்த ஆள் தலையில்.

இப்போது கம்ப்யூட்டர் அணைந்ததெல்லாம் யார் தலையில் ஏறியது என்று தெரிந்திருக்கும். பகல் ஷிப்டில் இருந்தவள் இசக்கியம்மாள்.

இசக்கிக்கு ஊர் விக்கிரமசிங்கபுரம். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர். அவள் டிப்ளமா படித்துவிட்டு, நாங்குநேரியில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்கு வந்தாள். எங்கள் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்த முதல் பெண். எந்தக் காற்றாடி ஓடுகிறது, எது நிற்கிறது, எதில் ஆள் ஏறியிருக்கிறான் என்று எல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் வந்து விழும். அது அணைந்தால் காற்றாடி நிற்காது. அது பாட்டுக்குச் சுற்றும். நமக்குத்தான் கண் அவிந்துபோகும். மேலே ஏறியிருக்கிறவனுக்கு இசக்கியின் குரல்தான் கண். "அண்ணாச்சி, பக்கத்துல இடி மின்னல் காட்டுது, பைய இறங்கி வாங்க" என்று வயர்லெஸ்ஸில் சொல்வாள். 'பைய' என்று அவள் சொல்வதில் பாதிப் பயம் போய்விடும்.

அவளுக்கு வேலை ஒப்பந்தத்தில்தான். வருஷம் ஒருதடவை நீட்டுவார்கள். அந்த வருஷம் ஆடி முடிவில் நீட்ட வேண்டும். ஊரில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அவள் வேலைக்குப் போவதில் இஷ்டமில்லை. இவளுக்கு மாப்பிள்ளையிலேயே இஷ்டமில்லை. "வேலை இருக்கிற வரைக்கும் அந்தப் பேச்ச எடுக்க மாட்டேன்" என்று அப்பா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வேலை போனால் பேச்சு வரும். ஆகவே அந்தக் கம்ப்யூட்டர் அணையும்போதெல்லாம் இசக்கிக்குக் கல்யாணத் தேதி ஒரு படி கிட்டே வந்தது.

அவளுடைய கஷ்டம் இப்படி இருக்க, நான் கிராதியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

தொங்கியதோடு விட்டேனா என்றால் இல்லை. கம்ப்யூட்டர் அணைந்த மறுநொடி என் கை சுவரில் இருக்கிற பிளக்குக்குப் போய்விடும். பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, திரும்பச் சொருகுவேன். கம்ப்யூட்டர் இருக்கிற இரும்பு அலமாரியின் முன்கதவைத் திறந்து, ஒன்றும் புரியாமல் உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, கதவை அப்படியே திறந்துபோட்டுவிட்டு வருவேன். அது உயிர் பெற்று எழுந்து, சாயங்காலம் வரைக்கும் சமர்த்தாக ஓடும். என் கைவைத்தியத்தில்தான் பிழைத்தது என்று நினைத்துக்கொள்வேன். எழுந்ததும் அதுவும் ஒரு வரி காட்டும்: 'கணினி எதிர்பாராத விதமாக நின்றது.' இதைச் சொல்ல ஒரு கம்ப்யூட்டர் எதற்கு? நானே சொல்வேனே.

சென்னையிலிருந்து போன் வந்தது. சார் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசினார், நாங்களும் கேட்கட்டும் என்று.

"சார், டே ஷிப்ட்ல மட்டும்தான் ஆஃப் ஆவுது. அந்தப் பொண்ணு லஞ்ச்சுக்கு அப்புறம் தூங்குறதுக்கு ஆஃப் பண்றாங்களா, பாருங்க. இன்னொரு தடவ 'காரணம் தெரியல'ன்னு வந்தா ரினியூவல் கஷ்டம் சார்."

இசக்கி திரையைப் பார்த்தபடியே இருந்தாள். காது மட்டும் சிவந்தது. நான் என்னுடைய கரண்ட் விஷயத்தைச் சொல்லி அவளைக் காப்பாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். வாயைத் திறந்தும் விட்டேன். "சார், தப்பு எம்மேலதான்..."

"என்ன வே?"

"என் உடம்புல... கரண்ட்..."

சார் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு, "அதுக்கு முந்தி?" என்றார். இசக்கி சிரித்துவிட்டாள். முதல் தடவைக்குப் பிறகு அந்த மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அந்த அளவில் என் கரண்ட் ஒரு வேலை செய்தது.

"அது இருக்கட்டும். அது அணைஞ்ச உடனே நீரு என்ன செய்யுதீரு?"

"பிளக்கப் புடுங்குதேன் சார்."

"ஏன்?"

"ஓடணும்லா சார்."

சார் மறுநாள் கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தை வீட்டில் வைத்துப் படித்துவிட்டு வந்தார். திருநெல்வேலி ஜங்ஷனில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற ஒருத்தரையும் கூட அழைத்து வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். உள்ளே இருக்கிற பலகையில் ஒரு சின்ன இடம் உண்டு. கம்ப்யூட்டர் நிற்கும்போது எதனால் நிற்கிறது என்று அதில் ஒரு குறி விழும். பொத்தானை அமுக்கி அணைத்தால் ஒரு குறி. சூடு அளவு மீறி, எரிந்துபோகாமல் இருக்கத் தானே நின்றுகொண்டால் வேறொரு குறி. மறுபடி எழும்போது அதைப் படித்துப் பத்திரப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தக் குறி நிற்பது பிளக் வழியாகக் கசிகிற கொஞ்சம் கரண்டில். பிளக்கைப் பிடுங்கினால் குறி அழிந்துபோகும்.

சார் என்னைப் பார்த்தார். "அது ஒவ்வொரு தடவையும் எதனால சாகுதேன்னு சொல்லிட்டுத்தான் சாகுது. நீரு ஓடிப்போய் வாயப் பொத்துதீரு."

ஜங்ஷன்காரர் ஒரு சின்ன புரோகிராமைப் போட்டார். கம்ப்யூட்டர் எழுந்த உடனே, அந்தக் குறியைப் படித்து ஒரு கோப்பில் எழுதி வைக்கும். ஓடுகிற நேரமெல்லாம் உள்ளே எவ்வளவு சூடு என்பதையும் விட்டுவிட்டு எழுதிக்கொண்டே இருக்கும். கடைசியாக எழுதிய வரி, செத்தவன் கடைசியாகச் சொன்ன வார்த்தை மாதிரி.

"பொத்தான அமுக்கி அணச்சிருந்தா அதையும் சொல்லும்லா?" என்று இசக்கி கேட்டாள்.

"சொல்லும்."

"அப்ப நல்லது சார். அதுட்டயே கேட்டுருவோம்."

சார் பிளக்கின் மேல் டேப் ஒட்டி, அதன் மேல் பேனாவால் எழுதினார்: 'தொடாதே.' கொஞ்சம் யோசித்துவிட்டு, கீழே 'சங்கரபாண்டி' என்று சேர்த்தார். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, என் பேர் மட்டும்.

பிறகு சில நாள் காற்று அடங்கியிருந்தது. கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட அணையவில்லை. மாத அறிக்கை அனுப்ப வேண்டிய நாள் வந்தது. அன்றைக்குக் காலையிலேயே காற்று பிடித்துக்கொண்டது. பனை மரமெல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்து நின்றன. காற்றாடிகள் முழுவேகம். சார் கடைசி வரிசைக் காற்றாடியைப் பார்க்க ஜீப்பில் போயிருந்தார். நான் சாப்பிட்டு, டிபன் பாக்ஸைக் கவிழ்த்து, கிராதியைப் பிடித்து (பழக்கம் போகவில்லை), கதவைத் திறந்தேன்.

திரை பொட்டென்று கருத்தது.

மூளை 'தொடாதே' என்றது. கைக்கு அது கேட்கவில்லை. நான் மேஜையைச் சுற்றிப் பாய்ந்தேன். எனக்கு முன்னால் இசக்கி போய்ச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து பிளக்கை மறைத்து நின்றாள்.

"அண்ணாச்சி. பைய. பைய. கைய எடுங்க."

"ஏ பிள்ள, காத்தாடி மேல மாடசாமி ஏறிக் கெடக்கான்..."

"வயர்லெஸ் இருக்கு, நான் சொல்லிக்கிடுதேன். இன்னைக்கு நீங்க புடுங்குனீங்கன்னா எம்பேரத்தான் எழுதுவாங்க."

கை இன்னும் பிளக் பக்கமே நீண்டுகொண்டிருந்தது. அதை நம்ப முடியாது என்று எனக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் என் முழு எடையையும் இறக்கினேன். இசக்கி மாடசாமியை வயர்லெஸ்ஸில் இறங்கச் சொன்னாள். அப்படியே பொறுத்திருந்தோம். பிறகு அவள் பொத்தானை அமுக்கினாள். விசிறி உறுமியது. எழுத்துகள் ஓடின. கோப்பைத் திறந்தாள். கடைசியில் ஒரு புதிய வரி:

'முந்தைய நிறுத்தத்தின் காரணம்: அளவு மீறிய வெப்பம்.'

"நான் இல்ல!" என்று கத்திக்கொண்டு எழுந்தேன். "ஏ, நான் இல்ல! என் உடம்புல ஒண்ணும் இல்ல!" இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகுதான் இந்த விஷயத்தில் இன்னொரு ஆளும் சம்பந்தப்பட்டிருக்கிறாள் என்று ஞாபகம் வந்தது. "நீயும் இல்ல பிள்ள. சூடுதான். நீயும் தப்பிச்சுட்ட."

இசக்கியிடம் சந்தோஷம் இல்லை. அவள் வெப்ப வரிகளை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு வந்தாள். காலையில் ஒரே மட்டமாக இருந்தது. காற்று ஏறிய நேரத்திலிருந்து சூடும் ஏறியது. ஏறிக்கொண்டே வந்து நின்றுபோனது. விரல் அங்கேயே நின்றது. எழுந்தாள். இரும்பு அலமாரிக்குப் பின்னால் போனாள். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பி வந்தபோது கையில் நீலச் சேலைத் துண்டுகள். ஒவ்வொன்றும் நேர்த்தியாக மடித்து, கெட்டியாகத் திணித்து, செம்மண் படிந்து கிடந்தவை.

"அண்ணாச்சி, நாந்தான்."

"என்ன நீதான்?"

"காத்து கூடுனா புழுதி உள்ள வருதுல்லா. பொறவால இருக்க ஓட்டை வழியா கம்ப்யூட்டருக்குள்ள போயிரும்னு அடச்சு வைப்பேன். சாயந்தரம் போகும்போது எடுத்துருவேன். அப்பா சொல்லுவாங்க, மிசினுக்குள்ள பஞ்சு போச்சுன்னா மிசின் போச்சுன்னு. சின்னதுலேருந்து கேட்டு வளந்தேன். அது மூச்சு விடுத ஓட்டைன்னு எனக்குத் தோணவே இல்ல."

காற்று அடிக்காத நாளில் அவள் அடைக்கவில்லை, அணையவில்லை. அடைத்த நாளில் சூடேற மத்தியானம் ஆகிவிடும். நானும் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்பேன். முன்கதவைத் திறந்துபோட்டால் காற்று போய்ப் பிழைத்துக்கொள்ளும். வெளியே மைல் கணக்கில் காற்று. அதை வைத்துத்தான் எங்கள் பிழைப்பே. எங்கள் கம்ப்யூட்டர் மட்டும் மூச்சுமுட்டிக்கொண்டிருந்தது.

அவள் முகத்தைப் பார்த்தேன். இனி யாரும் 'காரணம் தெரியவில்லை' என்று எழுத முடியாது. காரணம் தெரிந்துவிட்டது. அதனால்தான் அவள் வேலை போகப்போகிறது.

"கொடு இங்க" என்று துணியைப் பிடுங்கினேன்.

"என்ன செய்யுதீங்க?"

"நான் ஒண்ணும் பாக்கல. நீயும் பாக்கல." அத்தனையையும் என் சட்டைக்குள் திணித்துப் பொத்தானைப் போட்டேன். ஒரு பொத்தான் தெறித்து எங்கேயோ உருண்டது. வெளியே ஜீப் சத்தம். கதவு திறந்தது. ஞானமுத்து சார்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார்.

"என்ன வே, இன்னைக்குச் சாப்பாடு பலமோ?"

"ஆமா சார். சாம்பார் சாதம்."

"சாம்பாருக்கு முந்தானை உண்டுமா?"

குனிந்து பார்த்தேன். சட்டைக்கு வெளியே நீலத் துணி நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, கரை உட்பட. நான் அதை உள்ளே தள்ள, அது வேறு பக்கம் வந்தது.

"விடுங்க அண்ணாச்சி" என்றாள் இசக்கி. "சார், காரணம் கெடச்சுட்டு. சூடு. ஓட்டைய அடச்சது நாந்தான்." ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.  

சார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணை மூடினார்.

"ஓட்டைய அடச்ச. அதுக்கு முந்தி?"

"புழுதி சார்."

"அதுக்கு முந்தி? ஏசி போட்ட ரூமுக்குள்ள புழுதி எங்கருந்து வருது?"

இசக்கி மேற்குப் பக்க ஜன்னலைப் பார்த்தாள். அதில் ஒரு கண்ணாடி உடைந்து வெகுநாளாகிறது. அட்டையை வெட்டி ஒட்டியிருந்தோம். காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஜன்னல் சார்."

"அதுக்கு முந்தி?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அட்டையைப் பார்த்தேன்.

"சொல்லும்மா."

"மாத்தணும்னு கேட்டிருந்தோம் சார்."

"யார்ட்ட கேட்டிய?"

 அவரே சொன்னார். "எங்கிட்டதான். பாத்துக்கிடுதேன்னு சொன்னேன். பாக்கல."

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கண்ணாடி உடைந்த சமயத்தில் சாரின் மனைவி பெரிய ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். இரவெல்லாம் அங்கே விழித்துவிட்டு, காலையில் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு வேலைக்கு வந்துகொண்டிருந்தார் மனுஷன். "சார், அதுக்கும் முந்தி ஒண்ணு இருக்குல்லா. அப்ப அம்மாவுக்கு..."

கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். கண்ணைத் திறக்கவில்லை.

"அதுவும் காரணந்தான் வே. ஆனா அத இதுல எழுத முடியாது."

 பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் சென்னை போன் வந்துவிட்டது.

"சார், ரீசன் கெடச்சுதா? ஆபரேட்டர் மிஸ்டேக்தானே?"

"கெடச்சுது. அளவு மீறின வெப்பம். பதிவு அனுப்புதேன். ஜன்னல் கண்ணாடி மாத்தாம விட்டதால புழுதி. புழுதிக்கு அடச்சதால வெப்பம்."

"அடைச்சது யாரு சார்?"

"மாத்தாம விட்டது நான். அந்தப் பிள்ள கேட்டும் செய்யல. என் கணக்குல போடுங்க."

"சார், உங்க கணக்குலன்னா... புரமோஷன் ஃபைல் மேல இருக்குது சார், பார்த்துக்கங்க."

"பாத்துக்கிடுதேன்" என்றார் சார். போனை வைத்தார். என் பக்கம் திரும்பி, "இப்பமாவது அந்தத் துணிய வெளிய எடும் வே, மூச்சுமுட்டப் போகுது" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை மேஜையில் உதறாமல், புழுதி பறக்காதபடி ஒவ்வொன்றாக மடித்தார். "யாரு சேல இது?"

"அம்மாவோடது சார். பழசு."

"நல்ல சேல. தொவச்சு எடுத்துட்டுப் போம்மா."

இசக்கி வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அழுகிறாளா என்று நான் எட்டிப்பார்க்கப் போனேன். சார் என் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் சார் தன் ஜீப்பிலேயே நாங்குநேரிக்குப் போய் கண்ணாடி வெட்டிக்கொண்டு வந்தார். நானும் அவரும் சேர்ந்து ஜன்னலில் மாட்டினோம். அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் நிற்கவில்லை. அந்த மாத அறிக்கையில், அது நின்ற ஒவ்வொரு தடவைக்கும் எதிரே பொறுப்பு என்ற இடத்தில் ஞானமுத்து சாரின் பெயர் இருந்தது. அந்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. இசக்கியின் ஒப்பந்தத்தை ஆடிக் கடைசியில் நீட்டினார்கள்.